மாரடைப்புக்குத் தேளும் பூரானும் சேர்ந்த சீன மருந்து: ஆதாரம் எவ்வளவு?

தோபாயோவாசி:

அப்பாவுக்கு வயது 67. மூன்று மாதங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னைத் திட்டுகிறார். தேறிவிட்டார் என்று பொருள். ஆஸ்பிரின், டிக்காகிரெலர், கொலஸ்ட்ரால் மாத்திரை மூன்றும் தவறாமல் போகின்றன.

எங்கள் சிங்கப்பூர் அரசு வீவக அடுக்குமாடியில் எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி முப்பது வருடப் பழக்கம். சென்ற மாதம் சீனாவுக்குப் போய்வந்தவர் அப்பாவுக்கென்று இரண்டு பெட்டி கேப்சூல் கொண்டுவந்திருக்கிறார். பெயர் டோங்சின்லுவோ. அலுவலகத்தில் சீன நண்பனிடம் பெட்டியைக் காட்டி, உள்ளே என்ன என்று படிக்கச் சொன்னேன். ஜின்செங் என்றான், சரி. சந்தனம் என்றான், சரி. பிறகு அட்டை, தேள், பூரான், ஒரு வகைக் கரப்பான், சில்வண்டு உரித்த சட்டை என்று வரிசையாக வந்தது. மதிய உணவு எனக்கு இறங்கவில்லை.

பெரிய அமெரிக்க மருத்துவ இதழிலேயே இதை நிரூபித்து எழுதிவிட்டார்கள் என்கிறார் ஆன்ட்டி. அப்பாவோ "அவள் என் நன்மைக்குத்தானே கொடுத்தாள்" என்கிறார். இதில் உண்மை எவ்வளவு?

குடுவை:

முதலில் ஒன்று. இதய மருத்துவரிடம் பெட்டியைக் காட்டும் வரை ஒரு கேப்சூல்கூட வேண்டாம். இரத்தம் உறைவதைத் தடுக்க ஏற்கெனவே ஆஸ்பிரின், டிக்காகிரெலர் என்று இரண்டு மருந்து எடுப்பவர் அவர். மற்றதை ஆற அமரப் பேசலாம்.

ஆன்ட்டி சொன்னது கட்டுக்கதை அல்ல. 2023 அக்டோபரில் ஜாமா இதழில் அந்த ஆய்வு வந்தது. பெய்ஜிங்கின் ஃபூவாய் மருத்துவமனை முன்னின்று நடத்தியது. சீனாவில் 124 மருத்துவமனைகள், ஆய்வில் கணக்கிடப்பட்டவர்கள் 3,777 பேர். எல்லோரும் கடுமையான வகை மாரடைப்பு வந்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்டவர்கள். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் பாதிப்பேருக்கு டோங்சின்லுவோ, பாதிப்பேருக்கு அதைப்போலவே தோன்றும் வெற்று கேப்சூல். முப்பது நாளில் இதய மரணம், மறு மாரடைப்பு, அவசர இரத்தக்குழாய்ச் சிகிச்சை, பக்கவாதம் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் மருந்துக் குழுவில் 3.4 சதவீதம், வெற்று கேப்சூல் குழுவில் 5.2 சதவீதம். ஓராண்டு முடிவில் 5.3க்கு 8.3.

நான் மருந்தியல் படித்தவன். இதைப் பார்த்தபோது எனக்கும் புருவம் உயர்ந்தது. பூச்சியில் செய்த மருந்து என்றாலே சிரித்து ஒதுக்குகிற வழக்கத்தை இந்த ஒரு கட்டுரையாவது கொஞ்சம் அசைத்திருக்க வேண்டும்.

நாடிநூல்:

கொஞ்சம் என்ன கொஞ்சம்? இதே ஆய்வு ஐரோப்பியக் கம்பெனி மாத்திரைக்கு வந்திருந்தால் நாளைக்கே எல்லா மருத்துவமனையிலும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். "பூரான்" என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரு முகச்சுளிப்பு. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. கேப்டோப்ரில் என்ற இரத்த அழுத்த மாத்திரைக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியனின் நஞ்சு. அதையெல்லாம் முகம் சுளிக்காமல் விழுங்குகிறோம்.

சீனர்கள் இதை நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முந்திய கிழக்கு ஹான் காலத்து வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் தந்த மருந்துகளில் ஒன்றில் அட்டை, மாட்டு ஈ, மண் கரப்பான், வண்டுப் புழு நான்கும் இருக்கின்றன. உறைந்து கட்டிய இரத்தத்தைக் கரைக்க அதைக் கொடுத்தார்கள். பின்னாளில் சிங் காலத்து வைத்தியர் யே தியான்ஷி, நாள்பட்ட நோய் உடலின் நுண்வழிகளுக்குள் போய்ப் பதுங்கிவிடும், ஊர்ந்து துளைக்கும் உயிர்களால்தான் அதைத் தேடிப் பிடிக்க முடியும் என்ற வழியில் மருந்து கொடுத்தவர். டோங்சின்லுவோவை உருவாக்கிய வூ யீலிங் அந்த நுண்வழிக் கொள்கையைத்தான் தொடர்ந்தார். மருந்தின் பெயருக்கே "இதய நுண்வழிகளைத் திற" என்றுதான் பொருள்.

நம் சித்த மருத்துவத்திலும் தாவரம், தாது, சீவம் என்று மூன்று வகைப் பொருள்களும் உண்டு. கொம்பரக்கு ஒரு பூச்சியின் சுரப்புதானே? அட்டை விடுதலும் நம்மிடம் இருக்கிறது.

குடுவை:

நாடிநூல் ஐயா, அருவருப்பு ஒரு வாதமே அல்ல என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் கேப்டோப்ரில் உதாரணம் உங்களுக்கு எதிராகப் போகிறது. அந்த மாத்திரையில் பாம்பு இல்லை. நஞ்சில் எது வேலை செய்கிறது என்று பிரித்து, அதைப் பார்த்து ஒரு சிறு மூலக்கூறைச் செய்தார்கள். விரியனைக் காயவைத்து இடித்துக் கொடுக்கவில்லை.

அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் உமிழ்நீரில் ஹிருடின் என்ற புரதம் உண்டு, இரத்தம் உறைவதைத் தடுக்கும். அதைப் பின்பற்றிச் செய்த பைவாலிருடின் ஊசி இதயச் சிகிச்சையில் பயன்படுகிறது. உயிருள்ள அட்டையையே 2004இல் அமெரிக்க அரசு மருத்துவக் கருவியாக அனுமதித்தது. ஒட்டவைத்த விரலில் தேங்கும் இரத்தத்தை எடுக்க விடுவார்கள். இவ்வளவும் சரி. ஆனால் சீன அரசின் மருந்துக்குறிப்பேடு "அட்டை" என்று ஏற்கும் மூன்று இனங்களில் ஒன்றான விட்மேனியா பிக்ரா இரத்தம் குடிப்பதே இல்லை. அது நத்தை தின்கிறது. அதைக் காயவைத்து, சூடாக்கி, பொடித்து வாய்வழியாகக் கொடுக்கும்போது, கடிக்கிற அட்டையின் புகழை அதன் தலையில் ஏற்ற முடியாது. புரதம் என்றால் வயிற்றில் அது செரித்துவிடுமே என்ற கேள்வியும் கூடவே வரும்.

தேளும் அப்படியே. சீனத் தேளின் நஞ்சிலிருந்து வலியைத் தணிக்கும், வலிப்பை அடக்கும் சிறு புரதங்களைப் பிரித்து எலிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. கடையில் விற்கும் தேளோ உப்பு நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்தது, அதைக் கஷாயத்தில் மறுபடி கொதிக்கவைக்கிறார்கள். ஊசிக்கும் கஷாயத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. "ஆய்வில் நிரூபணம்" என்று எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஈப்போ மருமகள்:

தேள், பூரான், அட்டை எதுவும் பூச்சியே இல்லையே என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சீனத்தில் "சோங்" என்ற எழுத்தில் ஊர்வது, நெளிவது, பறப்பது எல்லாம் அடங்கும். இறால், தவளை, பாம்பு என்ற சொற்களை எழுதும்போதும் அந்த எழுத்து ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். என் மாமியார் சீனர், அவர் சொல்லிக் கொடுத்தது.

என் கேள்வி வேறு. மகனுக்கு உடம்பெல்லாம் அரிப்புத் தடிப்பு வந்தபோது மாமியார் சில்வண்டுச் சட்டையை வேறு மூலிகைகளோடு கொதிக்கவைத்துக் கொடுக்கப் பார்த்தார். தோலை உரித்துப் போடுகிற உயிர், அதனால் தோல் நோய்க்கு நல்லது என்கிறார். பையனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. கொடுக்கலாமா?

குடுவை:

வேண்டாம், அம்மா. இறாலில் ஒவ்வாமை தரும் ட்ரோப்போமயோசின் என்ற தசைப் புரதம் கரப்பானிலும் வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியிலும் ஏறத்தாழ அதே வடிவில் இருக்கிறது. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பூச்சி கலந்த எந்த மருந்தும் ஆபத்தாக முடியலாம். சட்டையில் பெரும்பகுதி கைட்டின் என்ற ஓட்டுப்பொருள்தான், தசை குறைவு. ஆனாலும் ஒரு குழந்தையிடம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

தோலை உரிப்பதால் தோலுக்கு நல்லது என்பது கவிதை. வலிப்புக்கு விறைத்துப்போன பட்டுப்புழு கொடுப்பதும் அந்த வகைதான்.

பட்டுக்கூடு:

பட்டுப்புழு என்றதும் உள்ளே வந்துவிட்டேன். தருமபுரிப் பக்கம் இருபது வருடமாகப் புழு வளர்க்கிறோம். மழைக்குளிரில் ஒரு பூசணம் வரும். புழு விறைத்து, மேலே வெள்ளை பூத்து, சுண்ணாம்புக்கட்டி போல் ஆகிவிடும். ஒரு தட்டில் கண்டால் மனைவி உடனே பொறுக்கி எரித்துவிடுவாள், இல்லாவிட்டால் அந்த ஈடே போய்விடும். சீனாவில் அதை மருந்தாக விற்கிறார்கள் என்று படித்தபோது நான் நம்பவில்லை. உண்மையா? உண்மை என்றால் இத்தனை வருடமாகப் பணத்தையா எரித்தேன்?

குடுவை:

உண்மைதான். ஜியாங்சான் என்று பெயர். நீங்கள் சொல்லும் பூசணம் பொவேரியா பாசியானா. இத்தாலிக்காரர் அகோஸ்டினோ பாசி பட்டுப்புழுவில் இதே நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்தான் நோயைப் பரப்புகிறது என்று 1835இல் எழுதினார். பாஸ்டருக்கும் முந்தியவர். பூசணத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஒரே புழு ஓர் ஊரில் கிருமிக் கொள்கையைப் பிறப்பித்தது, இன்னோர் ஊரில் மருந்துக்கடைக்குப் போனது.

சீனத்தில் முகவாதத்துக்கு ஒரு பழைய பொடி உண்டு. மூன்றே பொருள்: ஒரு கிழங்கு, இந்த விறைத்த புழு, தேள். கோணிய வாய் நேராகிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, நேராகத்தான் ஆகிறது. பெல் முகவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு எந்த மருந்தும் இல்லாமலே முழுமையாகச் சரியாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து வாங்காத குழு ஒன்று இல்லாவிட்டால் அந்த ஏழு பேரும் புழுவுக்குத்தான் நன்றி சொல்வார்கள்.

நீங்கள் எரிப்பதைத் தொடருங்கள்.

எண்சுவடி:

புள்ளியியல் வேலை பார்க்கிறேன், அதனால் எண்களைப் பற்றி மட்டும்.

டோங்சின்லுவோ ஆய்வு பெரியது, ஒழுங்காக நடந்தது. அதைச் சிறிதாக்க நான் வரவில்லை. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று அளந்து படிக்க வேண்டும். 5.2க்கும் 3.4க்கும் இடைவெளி 1.8. அதாவது ஏறத்தாழ 55 பேருக்கு முப்பது நாள் கொடுத்தால் ஒருவர் தப்புகிறார். மாரடைப்பில் அது சின்ன எண் அல்ல. ஆனால் அந்த 55 பேரும் மாரடைப்பு வந்த அன்றே முதல் வேளையை விழுங்கியவர்கள். தோபாயோவாசியின் அப்பா மூன்று மாதம் கழித்துத் தொடங்குவதைப் பற்றி இந்த ஆய்வு ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெரிய இரத்தப்போக்கில் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை என்பது நல்ல செய்தி. மருந்தால் வந்த உபாதை, பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு, 2.1 சதவீதத்துக்கு 1.1.

அடுத்தது, கேப்சூலில் மொத்தம் பன்னிரண்டு பொருள். ஜின்செங், சிவப்புப் பியோனி, சந்தனம், குந்திரிக்கம், போர்னியால் எல்லாம் உண்டு. பூரான் இல்லாத டோங்சின்லுவோ ஒன்றைச் செய்து பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டு பொருள் போட்ட குழம்பு ருசித்தால் பெருங்காயத்துக்கு மட்டும் மாலை போட முடியாது.

இதே மருந்தை இதய வலிக்காக 2006இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு அலசியது. கிடைத்தவை 18 சிறு ஆய்வுகள், தரம் குறைந்தவை, ஆகவே உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். 2009இல் சீன ஆய்வாளர்களே, "குலுக்கல் முறையில் பிரித்தோம்" என்று சீன மொழியில் கட்டுரை எழுதியவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எப்படிக் குலுக்கினீர்கள் என்று கேட்டார்கள். முறையாகக் குலுக்கியவர்கள் நூற்றுக்குப் பத்துகூட இல்லை. பலருக்குக் குலுக்கல் என்றால் என்னவென்றே தெரியவில்லை. அந்த நிலத்திலிருந்து 2023 ஆய்வு முளைத்திருக்கிறது என்பதே பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த ஒரு கட்டுரையைக் காட்டி பூச்சியில் செய்த மற்ற நூறு மருந்துகளுக்கும் சான்றிதழ் வாங்கக் கூடாது.

நாடிநூல்:

ஆய்வு இல்லை என்றால் "ஆய்வு இல்லை" என்பீர்கள். வந்தால் "பூரானைத் தனியாகக் காட்டு" என்பீர்கள். கூட்டு மருந்தின் தத்துவமே கூட்டுதான். ஒன்றின் வேகத்தை இன்னொன்று மட்டுப்படுத்தும். பிரித்தால் அது அந்த மருந்தே இல்லை. மலேரியா மருந்து கண்ட தூ யூயூவுக்கு 2015இல் நோபல் கொடுத்தது எதற்கு? பழைய ஏட்டைப் படித்ததற்குத்தானே?

எண்சுவடி:

முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. கூட்டாகச் சோதித்தால் கூட்டாகப் பெயர் வாங்கட்டும், எனக்குத் தடையில்லை. அப்படியானால் "தேள் இதயத்துக்கு நல்லது" என்று கடையில் தனித்தேள் விற்பவரிடமும் இதையே நீங்கள் சொல்ல வேண்டும்.

குடுவை:

தூ யூயூ ஏட்டைப் படித்தார், உண்மை. அதோடு நிற்கவில்லை. கொதிக்கவைத்தால் சத்து போய்விடுகிறது என்று கண்டு குறைந்த வெப்பத்தில் ஈதரில் எடுத்தார், தன் உடம்பிலேயே சோதித்தார், மூலக்கூறைப் பிரித்தார். தவிர அது செடி.

பூச்சிகளில் அந்த நிலைக்குப் பக்கத்தில் வந்தது ஒன்றுதான், அதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. கொப்புள வண்டு. சீனத்தில் பான்மாவ்.

பட்டுக்கூடு:

எங்கள் துவரைப் பூவைத் தின்னும் கறுப்பு மஞ்சள் பட்டை வண்டா? கையில் நசுங்கினால் மறுநாள் கொப்புளம் எழும்பும்.

குடுவை:

அதன் நெருங்கிய உறவினர்கள். கொப்புளம் எழுப்பும் பொருள் கேந்தரிடின். 1810இல் பிரான்சில் ரோபிக்கே பிரித்தெடுத்தார். உயிரணுக்களில் ஒரு முக்கியமான நொதியை, புரத பாஸ்ஃபடேஸ் 2ஏ என்பார்கள், அது தடுக்கிறது. பெரிய ஆளையும் கொல்லச் சில பத்து மில்லிகிராம் போதும். வாய், உணவுக்குழாய், சிறுநீரகம் மூன்றும் வெந்துபோகும். சீன அரசே 28 நச்சு மருந்துகளின் பட்டியலில் இதை வைத்திருக்கிறது. மருந்துக்குறிப்பேட்டில் வாய்வழி அளவு 0.03 முதல் 0.06 கிராம் வரை, அதுவும் அரிசியோடு வறுத்த பிறகு. பழைய வைத்தியர்கள் நஞ்சைக் குறைக்கத்தான் அப்படி வறுத்தார்கள். அவர்களுக்கு இதன் வீரியம் நன்றாகத் தெரியும்.

கல்லீரல் புற்றுக்கு இதைக் கொடுப்பது சீனாவில் இன்றும் உண்டு. நஞ்சு குறைந்த நார்கேந்தரிடினைச் செயற்கையாகத் தயாரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் திடமான ஆதாரம் வந்தது வேறோர் இடத்தில். குழந்தைகளின் தோலில் முத்து முத்தாக வரும் மொலஸ்கம் என்ற வைரஸ் மருவுக்கு, 0.7 சதவீதக் கேந்தரிடின் கரைசலை அமெரிக்க அரசு 2023 ஜூலையில் அனுமதித்தது. மருத்துவர் கையால் மருவின் மேல் மட்டும் தொட்டு வைக்க வேண்டும். இரண்டு ஆய்வுகளில் பன்னிரண்டு வாரத்தில் எல்லா மருவும் மறைந்தவர்கள் 46 சதவீதமும் 54 சதவீதமும். வெறும் கரைசல் தடவியவர்களில் 18, 13. சந்தேகத்துக்கு இடமில்லாத வித்தியாசம்.

கவனியுங்கள், வண்டு தோலின் மேல்தான் வென்றது, அதுவும் அளந்த துளியாக. அதைக் காட்டி "கொப்புள வண்டு நிரூபணமான மருந்து" என்று ஒருவர் வீட்டில் வறுத்துக் குடித்தால் அவரைச் சிறுநீரகப் பிரிவில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஈப்போ மருமகள்:

கரப்பான் பண்ணை பற்றியும் சொல்லுங்கள். சிச்சுவானில் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 600 கோடிக் கரப்பான் வளர்ப்பதாக 2018இல் செய்தி வந்ததே. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குடுவை:

அது காங்ஃபூசின் என்ற திரவம். அமெரிக்கக் கரப்பானை, அதாவது நம் வீட்டுச் சாக்கடைப் பெரிய கரப்பானை, எரிசாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு. வயிற்றுப் புண்ணுக்குக் குடிக்கிறார்கள், ஆறாத புண்ணுக்கு மேலே வைக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம், எல்லாம் "நல்ல பலன்" என்றே முடியும். பெரும்பாலானவற்றில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் கூடவே கொடுத்திருப்பார்கள், வெற்று மருந்துக் குழு இருக்காது. பலன் இருக்கலாம். எண்சுவடி சொன்ன தொலைபேசியை ஒருமுறை எடுக்க வேண்டிய இடம் இது.

ஈப்போ மருமகள்:

மாமியார் சூப்பில் போடும் குளிர்ப்புழு-கோடைப்புல்? கிராம் கணக்கில் தங்கம்போல் வாங்குகிறார்.

குடுவை:

இமயமலையில் ஓர் அந்துப்பூச்சியின் புழுவைத் தின்று முளைக்கும் பூசணம் அது. நம் உத்தராகண்டிலும் கீடா ஜடி என்று தோண்டி விற்கிறார்கள். 2016இல் சீன அரசே சோதித்து எச்சரித்தது: கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்செனிக் நஞ்சு. ஆரோக்கிய உணவுக்கு அனுமதித்த அளவு 1 மில்லிகிராம். மாமியாரிடம் பணக்கணக்கைச் சொல்லாதீர்கள், ஆர்செனிக்கைச் சொல்லுங்கள்.

நாடிநூல்:

தேனீக் கொடுக்குச் சிகிச்சையையும் இதோடு சேர்த்து அடிப்பீர்கள் என்று காத்திருக்கிறேன்.

எண்சுவடி:

நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். தண்டுவட மரப்பு நோய்க்கு (மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ்) நெதர்லாந்தில் 26 பேரிடம் உயிருள்ள தேனீயால் கொட்டவைத்துப் பார்த்தார்கள், 2005இல் முடிவு வந்தது. நோயும் குறையவில்லை, களைப்பும் குறையவில்லை. ஸ்பெயினில் இரண்டு வருடமாக மாதந்தோறும் கொட்டு வாங்கிய 55 வயதுப் பெண், அப்படி ஒரு முறை கொட்டியதும் ஒவ்வாமை அதிர்ச்சியில் விழுந்து இறந்ததை 2018இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்பது தேனீயிடம் செல்லாது.

நாடிநூல்:

சரி, தேனீயை விட்டுவிடுகிறேன். டோங்சின்லுவோவை விடமாட்டேன்.

குடுவை:

விட வேண்டாம். நானும் விடவில்லை.

தோபாயோவாசி:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

அப்பாவின் இதய மருத்துவர் பெட்டியைப் பார்த்ததும், அந்த ஆய்வைத் தானும் படித்ததாகச் சொன்னார். "மாரடைப்பு வந்த அன்று நீங்கள் சீனாவில் இருந்திருந்தால் பேசலாம், இப்போது இரண்டு உறைவுத் தடுப்பு மருந்துக்கு மேல் வேண்டாம்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டார்.

ஆன்ட்டியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கூச்சமாக இருந்தது. நேற்று மாலை பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்கிளுக்கும் இதைத்தானே கொடுக்கிறேன், இரண்டு வாரமாக" என்றார். அங்கிள் இதயத் துடிப்புக் கோளாறுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர். மருத்துவரிடம் சொன்னீர்களா என்றேன். "மூலிகைதானே, எதற்குச் சொல்ல வேண்டும்?" என்றார்.

குடுவை:

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், வார்ஃபரினை அல்ல, கேப்சூலை. நாளைக் காலை முதல் வேலையாக, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் இரத்தப் பரிசோதனை. ஈறில் இரத்தம், கறுத்த மலம், தலைவலி ஏதாவது இருந்தால் இரவே அவசரப் பிரிவு.

தோபாயோவாசி:

இன்று காலை நானே அழைத்துப்போனேன். அப்பாவும் துணைக்கு வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். ஐஎன்ஆர் வேண்டியதைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது, பயப்படும் அளவு இல்லை, மூன்று நாளில் மறுபடி வரச் சொன்னார்கள். மருத்துவர் இளைஞர், மலாய்க்காரர், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் படித்துச் சொன்னார். பூரான் வந்ததும் அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவரிடம் அதுவரை நான் ஜின்செங்கையும் சந்தனத்தையும் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.